எரிந்தது உங்கள் கடை, கருகியது பக்கத்துக் கடை: காப்பீடு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது?

மதுரை விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் 2020 தீபாவளி இரவு ஒரு ஜவுளிக்கடை எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து உயிரிழந்தார்கள். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் சுவரோடு சுவராகத்தான் கடைகள் இருக்கின்றன. அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால், "பேங்க்ல லோன் வாங்கும்போதே போட்டாச்சு" என்று பலரும் சொல்வார்கள். அந்த பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் குறைவு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் பொருளுக்குச் சேதம் வந்தால் நமக்குப் பணம் தருவது சொத்துக் காப்பீடு. நம்மால் இன்னொருவருக்குச் சேதம் வந்து, சட்டப்படி நாம் இழப்பீடு கட்ட வேண்டி வந்தால் அதை நமக்காகக் கட்டுவது பொறுப்புக் காப்பீடு. ஒன்றை எடுத்தால் மற்றது தானாக வந்துவிடாது. உங்கள் கடையில் பிடித்த தீ பக்கத்துக் கடைக்குப் பரவினால், உங்கள் தீ விபத்து பாலிசி உங்கள் சரக்குக்கு மட்டும்தான். பக்கத்துக்காரர் உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று வழக்குப் போட்டால், பொறுப்புக் காப்பீடு தனியாக எடுத்திருந்தால்தான் கைகொடுக்கும்.

வீட்டுக்கும் சிறு கடைக்கும் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் பாலிசி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரல் 1 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா'. ஓர் இடத்திலுள்ள சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருக்கும் தொழிலுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் இரண்டிலும் அடங்கும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி சேதத்துக்கு இதில் கேட்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் ஓதம் ஏறிய சுவருக்கோ பழசாகி ஒழுகும் கூரைக்கோ கிடைக்காது. திடீரென்று நடந்ததற்குத்தான் காப்பீடு, தேய்மானத்துக்கு இல்லை.

வீட்டு பாலிசியில் காப்பீட்டுத் தொகை என்பது கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை அதில் சேராது. அண்ணா நகரில் இடம் என்ன விலை போகிறது என்று பார்த்துத் தொகை போடுவது வீண். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், தானாகச் சேர்ந்துவிடும். நகையைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம்.

திருட்டு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். தீயோ வெள்ளமோ வந்து, அதைத் தொடர்ந்து 7 நாளுக்குள் திருடு போனால்தான் இந்த பாலிசிகள் தரும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்துக் கொண்டு போனால் இதில் கேட்க முடியாது. அதற்குத் திருட்டுக் காப்பீடு தனி. வாடகைக்கு இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: வீட்டுக்காரர் எடுத்த பாலிசி உங்கள் பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஆகாது. உங்கள் சாமான்களுக்கு மட்டும் நீங்களே எடுக்கலாம்.

கடைக்காரர்கள் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டுவதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 20 லட்சம் ரூபாய் சரக்கை 10 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்து, 4 லட்சத்துக்குச் சேதம் வந்தால் கையில் வருவது 2 லட்சம்தான். பாதிதான் காப்பீடு செய்தீர்கள், அதனால் பாதிதான் கிடைக்கும் என்பது கணக்கு. 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் சூக்ஷ்ம பாலிசியில் கழிக்க மாட்டார்கள். தீபாவளிச் சரக்கு இறங்கும் மாதங்களில் மதிப்பு எவ்வளவு ஏறும் என்று பார்த்துத்தான் தொகை போட வேண்டும். குடோன் வேறு தெருவில் இருந்தால் அந்த முகவரி பாலிசியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கடை மூடிக் கிடந்த நாட்களின் வியாபார நஷ்டம் இதில் வராது.

பொறுப்புக் காப்பீட்டில் நமக்கெல்லாம் தெரிந்தது வண்டிக்கு எடுக்கும் 'தேர்டு பார்ட்டி'. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். எதிரில் வந்தவரின் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றம் சொல்வதுதான் தொகை. அவருடைய சொத்துச் சேதத்துக்குக் கார் என்றால் 7.5 லட்சம், பைக் என்றால் 1 லட்சம் வரை. உங்கள் சொந்த வண்டிக்கு ஒரு பைசா வராது.

இதில் நம்ம பக்கம் அடிக்கடி நடக்கும் ஒன்று மனதை உறுத்துகிறது. குலதெய்வம் கும்பிடவும் அழகர்கோயிலுக்கும் லோடு ஆட்டோவிலும் டிராக்டரிலும் குடும்பம் குடும்பமாக ஏறிப் போகிறோம். சரக்கு வண்டியில், சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ அல்லாமல், பயணியாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சில வழக்குகளில் முதலில் நிறுவனம் கட்டிவிட்டு, அப்புறம் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாகிறது. எப்படிப் பார்த்தாலும் கடைசியில் கடன் வண்டிக்காரர் தலையில்தான். வேன் பிடிக்கும் செலவைப் பார்த்து இதற்கு இறங்காதீர்கள்.

கேட்ட தொகை வரவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார். தனி உரிமையாளர் நடத்தும் கடையின் பாலிசிக்கும் இது பொருந்தும். புகாரை ஆன்லைனில் அனுப்பலாம். விசாரணையையும் காணொலியில் நடத்த விதியில் இடமுண்டு.