விலை உயர்ந்த ஊசி மருந்து: குப்பியை மட்டும் எண்ணினால் கணக்கு வராது

கணினியில் ஏழு குப்பி, ஃபிரிட்ஜில் ஆறு. உடனே எல்லோருக்கும் திருட்டுச் சந்தேகம்தான் வரும். புற்றுநோய், மூட்டுவாத சிகிச்சை மையங்களில் மருந்து இருப்பைப் பார்த்துவரும் எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலும் அது திருட்டு அல்ல. குப்பியை எடுத்தபோது எழுதாமல், சாயங்காலம் பில் போடும்போது ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பார்கள்.

மூட்டுவாதத்துக்குப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் 100 மி.கி. குப்பியாக வருகிறது. 62 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 310 மி.கி. வேண்டும். அந்தக் கடைசி 10 மி.கி.க்காக நாலாவது குப்பியை உடைக்கிறோம், 90 மி.கி. வீண். நர்ஸ் 310 என்று எழுதுவார், பில்லில் நாலு குப்பி ஏறும், ஸ்டாக்கில் ஒருவர் மூன்றைக் கழிப்பார். அதனால் உடைத்தது, கொடுத்தது, கொட்டியது மூன்றையும் ஒரே வரியில், பேட்ச் எண்ணோடு, அங்கேயே எழுத வேண்டும். 300-ஆகக் குறைக்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், ஆனால் குப்பியை உடைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மிச்ச மருந்தை வைத்துக்கொள்ளலாமா? மருந்துக்கு மருந்து மாறும், சில சமயம் ஒரே மருந்திலேயே மாறும். மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் 440 மி.கி. குப்பியை அதனுடன் வரும் கிருமித்தடுப்பு நீரில் கரைத்தால் 2 முதல் 8 டிகிரியில் 28 நாள் வரை வைக்கலாம். அந்த நீரில் உள்ள பென்சைல் ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாதவருக்காக வெறும் ஸ்டெரைல் நீரில் கரைத்தால் உடனே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டுமே ஃபிரிட்ஜில் ஒரே மாதிரிதான் தெரியும். எதில் கரைத்தது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று குப்பியிலேயே எழுதாவிட்டால் அடுத்த ஷிப்ட்காரர் ஊகிக்க வேண்டியதுதான்.

ஃபிரிட்ஜ் என்றதும் சூடு ஏறுவதற்குத்தான் பயப்படுகிறோம். இவை போன்ற புரத மருந்துகளுக்கு உறைவதும் அதே அளவு ஆபத்து. பின்சுவரை ஒட்டி வைத்த குப்பி உறைந்து உருகியிருந்தாலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். கரண்ட் போய் வெப்பநிலை தவறினால் அவசரப்பட்டுக் கொட்டவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம். தனியே எடுத்து ‘பயன்படுத்தாதே’ என்று ஒட்டி, சரியான குளிரில் வைத்துவிட்டு, எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்ற விவரத்தோடு தயாரிப்பு நிறுவனத்திடம் கேளுங்கள்.

அப்புறம், கடன் பழக்கம். ஒருவர் பெயரில் வந்த குப்பியை, “நாளைக்கு ஸ்டாக் வந்ததும் வச்சிடலாம்” என்று இன்னொருவருக்குப் போட்டுவிடுவது. எண்ணிக்கை மறுநாள் சரியாகிவிடும், ஆனால் யாருக்கு எந்த பேட்ச் போனது என்பது பதிவில் தப்பாகிவிடும். நிறுவனம் ஒரு பேட்சைத் திரும்பக் கேட்கும் நாளில் தவறான ஆளைக் கூப்பிடுவோம். என்னைக் கேட்டால், ஒரு குப்பி காணாமல் போவதைவிட இதுதான் மோசம்.

காலிக் குப்பிகளையும் அன்றைய பதிவோடு ஒப்பிட்டு எண்ணிவிட்டு, லேபிளைப் படிக்க முடியாதபடி அழித்த பிறகே கழிவுக்கு அனுப்புங்கள். லேபிளோடு வெளியே போகும் காலிக் குப்பியில் போலி மருந்தை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.