கூப்பிட்டால் வரும் பஸ்ஸும் 66 வழிகளும்

கீழ்க்கோத்தகிரி பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மத்தியானம் எங்கள் பஸ் காலியாகத்தான் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் பஸ் இல்லை. போன் செய்தால் வருகிற மாதிரி விட முடியாதா?"

முடியும். அமெரிக்காவின் ஹேடன்ஃபீல்டில் 1972-லேயே அப்படி ஒரு பஸ் ஓடியது. யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வழியை வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த வரிசையில் போவது?

ஏறிய பிறகுதான் இறங்க முடியும் என்பது ஒன்றே விதி. இரண்டு பேரை ஏற்றி இறக்க 6 வரிசைகள் உண்டு. மூன்று பேருக்கு 90. ஐந்து பேருக்கு 1,13,400. ஆறாவது ஆள் போன் செய்ததும் 74,84,400! பத்துப் பேர் என்றால் சுமார் 24 கோடி கோடி.

இதிலிருந்து தப்பிக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே போட்ட வரிசையைக் கலைக்காமல் புதியவரை மட்டும் நடுவில் செருகுவது. ஐந்து பேருக்கு 10 நிறுத்தங்கள். அவற்றுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக ஆறாமவர் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் செருக மொத்தமே 66 வழிகள்! அத்தனையையும் கணினி கண்ணிமைப்பதற்குள் பார்த்து, மற்றவர்களுக்குக் குறைவாகத் தாமதமாகும் வழியை எடுத்துக்கொள்ளும். ஆகச் சிறந்த வழி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பஸ் ஓட்ட அது போதும்.

சரி, நீலகிரிக்கு வருவோம். சமவெளியில் ஊருக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியேறலாம். இங்கே மெயின் ரோட்டுப் பிரிவிலிருந்து இறங்கும் பல ரோடுகள் ஹட்டியிலோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைன் வீடுகளிலோ முடிந்துவிடும். போன வழியேதான் திரும்ப வேண்டும். பிரிவிலிருந்து 3 கிலோமீட்டர் கீழே ஒரு அம்மா காத்திருக்கிறார் என்று வையுங்கள். போக வர 6 கிலோமீட்டர். வளைவுகளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 18 நிமிடம். பஸ்ஸில் இருப்பவர்களுக்கு '15 நிமிடத்துக்கு மேல் தாமதிக்க மாட்டோம்' என்று வாக்குக் கொடுத்திருந்தால் அவரை ஏற்ற முடியாது. அவர் ஒரு கிலோமீட்டர் மேலே நடந்து வந்தால் 12 நிமிடம்தான், ஏற்றிவிடலாம்.

அதே இடத்தில் இன்னொருவரும் சேர்ந்துகொண்டால்? அவருக்காக ஆகும் கூடுதல் தூரம் பூஜ்யம். மலையில் முதல் ஆளுக்குத்தான் செலவு. அதனால் ஒரே பிரிவில் இறங்க வேண்டியவர்களை ஒரே டிரிப்பில் சேர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முந்தின நாள் மாலையே போனில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். ஆப் மட்டும் போதாது. சிக்னல் கிடைக்காத ஹட்டிகளும் சாதாரண போன் வைத்திருக்கும் பாட்டிகளும் இருக்கிறார்கள்.

பள்ளி விடும் நேரத்துப் பஸ்ஸைத் தொடவே கூடாது. கூட்டம் இருக்கும் தடத்தில் நேரம் குறித்த பஸ்ஸை எந்தக் கணினியும் மிஞ்சாது. காலியாக ஓடும் மத்தியான டிரிப்பை மட்டும் மாற்றலாம். பணமும் முக்கியம்: ஹெல்சின்கியில் 2012-இல் தொடங்கிய இப்படியொரு சேவை, செலவு தாங்காமல் 2015 கடைசியில் நின்றது.

நம் ஆராய்ச்சி நிதி நகரத்து டிராஃபிக்கையே சுற்றி வருவது எனக்கு வருத்தம். ஏற்றத்துக்கு எவ்வளவு நேரம், இறக்கத்துக்கு எவ்வளவு, பனிமூட்டத்தில் எவ்வளவு என்று பிரிவு பிரிவாக அளந்த கணக்கு இல்லாமல் அந்த 66-இல் சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியாது. கல்லூரி மாணவர்கள் சிலருக்கு ஒரு வருடம் உதவித்தொகை கொடுத்தால் கோத்தகிரி வட்டம் முழுவதையும் அளந்துவிடலாம்.