‘வார்மிங் ஸ்ட்ரைப்ஸ்’: தமிழில் என்ன பெயர்?

இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் நெடும்பட்டைகள். இடப்பக்கம் பெரும்பாலும் நீலம், நடுவில் வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் மாறி மாறி, வலக்கோடியில் அடர்சிவப்பு. எண் கிடையாது, எழுத்து கிடையாது. ஒரு பட்டை என்பது ஓர் ஆண்டு. அந்த ஆண்டின் சராசரி வெப்பநிலை எவ்வளவோ, அதற்கேற்ற நிறம். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘வார்மிங் ஸ்ட்ரைப்ஸ்’ என்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது ‘வெப்பக் கோடுகள்’. அதில் இரண்டு சொல்லும் பிசகு.

படத்தை உருவாக்கியவர் எட் ஹாக்கின்ஸ், பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர். 2016-இல் உலக வெப்பநிலை ஏறுவதைக் காட்ட இவர் செய்த சுருள் வரைபடம் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே காட்டப்பட்டது. மறு ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தில் இவருடன் பணியாற்றிய எல்லி ஹைவுட், ஆண்டுக்கு ஒரு நிறமாக உலக வெப்பநிலையைக் கம்பளிப் போர்வையாகப் பின்னினார். அறிவியல் தாளிலிருந்து கைவேலைக்குப் போன தரவு, அங்கிருந்து மறுபடி படமாகத் திரும்பியது. 2018 மே மாதம் ஹாக்கின்ஸ் முதல் பட்டைப் படங்களை வெளியிட்டார்: மத்திய இங்கிலாந்துக்கு 1772 முதல், டொரான்டோவுக்கு 1841 முதல், உலகம் முழுமைக்கும் 1850 முதல். 2019-இல் எந்த நாட்டின் பட்டையையும் எடுத்துக்கொள்ள இணையதளம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பட்டைப் படம் ‘தி எகனாமிஸ்ட்’ இதழின் அட்டையில் ஏறியது. 2022–23 பருவத்தில் ரெடிங் கால்பந்து அணியின் சட்டைக் கையில் ஏறியது.

அச்சுகளும் அளவுகளும் இல்லாத வரைபடத்தை அறிவியலாளர் வெளியிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணை எடுத்துவிட்டதால்தான் இது சட்டைக் கையில் ஏற முடிந்தது. வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் நீலம் சிவப்பாகிறது என்பது தெரியும்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘ஸ்ட்ரைப்’ ஆங்கிலத்துக்குப் பழைய டச்சு, ஜெர்மானியக் கிளைமொழிகளிலிருந்து வந்தது. ஒரு பரப்பின் நிறத்திலிருந்து வேறுபட்டு நீளமாக ஓடும் நிறப்பகுதி என்று பொருள். அதாவது அதற்கு அகலம் உண்டு. ‘கோடு’ என்பதற்கு அகலம் கிடையாது; வடிவியல் பாடத்தில் நாம் படித்ததும் அதுதான். இந்தப் படத்தில் செய்தியைச் சுமப்பது நிறம். நிறம் தெரிய அகலம் வேண்டும். ஆகவே ‘கோடு’ ஒத்துவராது.

‘வரி’ பொருந்தும்போலத் தோன்றும். வரிக்குதிரை இருக்கிறது, புலிக்குப் பழைய பெயரே ‘கொடுவரி’. ஆனால் ‘வெப்ப வரி’ என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் அரசாங்கம் புதிதாக ஏதோ வசூலிக்கிறது என்றுதான் நினைப்பார். ‘கீற்று’ அழகான சொல். ஆனால் கீற்று மெல்லியது, தனியாகத் தெரிவது. இங்கே 1850 முதல் 2024 வரை 175 பட்டைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

மிஞ்சுவது ‘பட்டை’. திருநீற்றுப் பட்டை, கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாக அடித்த பட்டை, ஏட்டையா சட்டைக் கையில் இருக்கும் பட்டை. மதில் பட்டையைப் பாருங்கள்: எல்லாம் ஒரே அகலம், நிறம் மட்டும் மாறும், நடுவில் இடைவெளி இல்லை. இந்தப் படத்தின் இலக்கணமும் அதுவே. பிரியாணிக்குப் போடும் பட்டையோடு குழம்பிவிடுமே என்றால், சூழல் பார்த்துக்கொள்ளும்.

‘வார்மிங்’ இதைவிடச் சிக்கல். அது வெப்பம் அல்ல, வெப்பம் ஏறுவது. ‘வெப்பப் பட்டை’ என்றால் இடுப்புவலிக்குக் கட்டும் ஒத்தடப் பட்டைதான் கண்முன் வரும். ‘புவி வெப்பமாதல்’ நன்றாக ஊன்றிவிட்ட தொடர் என்பதால் ‘வெப்பமாதல் பட்டை’ எனலாம். புணர்ச்சி பார்ப்பவர்கள் ‘வெப்பமாதற்பட்டை’ என்பார்கள். பொருள் சரி, வாயில் நுழையவில்லை. காலையில் ஏறுவது ஏறுவெயில், மாலையில் சாய்வது இறங்குவெயில் என்று வினைத்தொகையாகவே சொல்லிப் பழகிய மொழிக்கு ‘ஏறுவெப்பம்’ அந்நியமில்லை. எங்கள் பரிந்துரை ‘ஏறுவெப்பப் பட்டை’. முடிவு தெரியாமல் ஓர் ஊரின் தரவை வரையத் தொடங்கும்போது மட்டும் ‘வெப்பநிலைப் பட்டை’ என்ற நடுநிலைச் சொல் போதும். ஏறியிருக்கிறதா என்பதைப் படம் சொல்லட்டும்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் ‘அனாமலி’. கிரேக்கத்தில் ‘ஹோமலோஸ்’ என்றால் சமமானது; அது இல்லாதது அனாமலி. அகராதி பார்த்து ‘முரண்பாடு’, ‘ஒழுங்கின்மை’ என்று எழுதினால் கருவி பழுதானதுபோல் ஆகிவிடும். காலநிலைக் கணக்கில் அதன் பொருள் ஒன்றே: நீண்டகாலச் சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய. ‘சராசரி விலக்கம்’ என்றும் போடாதீர்கள். அது புள்ளியியலில் வேறொரு அளவின் பெயர். ‘சராசரியிலிருந்து விலகல்’ என்று நீட்டி எழுதுவதே பாதுகாப்பு.

அந்த விலகல் நிறமாவது எப்படி? ஹாக்கின்ஸின் முறையில் 1971–2000 ஆண்டுகளின் சராசரிதான் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள எல்லை. நிறங்கள் மொத்தம் 16: நீலத்தில் 8, சிவப்பில் 8, கலர்புரூவர் என்ற வரைபட நிறத்தொகுப்பிலிருந்து எடுத்தவை. 1901 முதல் 2000 வரையான ஆண்டுச் சராசரிகளின் திட்ட விலக்கத்தை, அதாவது அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவை, கணக்கிட்டு, அதன் 2.6 மடங்கை இருபக்க எல்லையாக வைக்கிறார்கள். கணக்குக்காக ஓர் ஊரின் திட்ட விலக்கம் 0.3 டிகிரி என்று கொள்வோம். 2.6-ஆல் பெருக்கினால் 0.78. எட்டால் வகுத்தால் ஒரு நிறத்துக்குச் சுமார் 0.1 டிகிரி. சராசரியைவிட 0.45 டிகிரி கூடுதலாக இருந்த ஆண்டுக்கு ஐந்தாவது சிவப்பு. 0.78-ஐத் தாண்டிய ஆண்டுகள் எவ்வளவு தாண்டினாலும் ஒரே கடைசிச் சிவப்புதான்; வலக்கோடியில் பல ஆண்டுகள் ஒரே நிறமாக நின்றால் வெப்பம் ஏறாமல் நின்றுவிட்டது என்று படிக்கக் கூடாது, வண்ணம் தீர்ந்துவிட்டது என்றே படிக்க வேண்டும்.

தவறாகப் படிக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. நீலம் என்றால் குளிர் அல்ல. சென்னையின் நீல ஆண்டிலும் சராசரி 28 டிகிரிப் பக்கம்தான். நீலம் சொல்வது சென்னைக்கு அது வழக்கத்தைவிடக் குறைவு என்பதை மட்டுமே. அடுத்து, இரண்டு ஊர்ப் பட்டைகளைப் பக்கத்தில் வைத்து எது அதிகச் சிவப்பு என்று ஒப்பிடுவது. வெப்பமண்டல ஊர்களில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் குறைவு, ஐரோப்பாவில் அதிகம். நிறம் அந்தந்த ஊரின் ஏற்ற இறக்கத்தை அளவுகோலாகக் கொண்டது என்பதால், ஒரே சிவப்பு இரண்டு ஊர்களில் இரண்டு வெவ்வேறு டிகிரி.

சொந்தமாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் தரவில் விடுபட்ட மாதம். தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் மே மாத அளவு இல்லாமல் மீதிப் 11 மாதத்துக்குச் சராசரி எடுத்தால் அந்த ஆண்டு பொய்யாக நீலமாகும். நடப்பு ஆண்டை ஜூனோடு நிறுத்திச் சேர்த்தால் பொய்யாகச் சிவப்பாகும். 12 மாதமும் இல்லாத ஆண்டுக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். முந்தைய ஆண்டின் நிறத்தை இழுத்து நிரப்பாதீர்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்தால் படம் செத்துவிடும்: அடர்நீலமும் அடர்சிவப்பும் ஒரே கருஞ்சாம்பலாக வரும். கணினியில் பட்டைகளைச் சரியாக ஒட்டவைத்திருந்தும் பிடிஎஃப் ஆக்கியபின் நடுவில் மயிரிழை வெள்ளைக்கோடு தெரிந்தால், ஒவ்வொரு பட்டையையும் அடுத்ததன்மேல் துளி ஏறும்படி அகலப்படுத்துங்கள்.

துணியில் நெய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1850 முதல் 2024 வரை 175 ஆண்டுகள். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் ஒரு பட்டைக்குச் சுமார் 3.1 செ.மீ. கிடைக்கும். பட்டை சேலையின் குறுக்காக ஓட வேண்டும் என்பதால் நிறம் பாவில் (நீளவாட்டு நூலில்) அல்ல, ஊடையில் (குறுக்கு நூலில்) மாற வேண்டும். 16 நிற நூலையும் தனித்தனியாகச் சுற்றி வைத்துக்கொண்டு 3.1 செ.மீ.க்கு ஒருமுறை ஊடை நூல் ஓட்டும் நாடாவை மாற்ற வேண்டியிருக்கும். 1850-ஐ உள்சொருகல் முனையில் தொடங்குங்கள். பழைய நீல ஆண்டுகளில் நிறைய கொசுவத்துக்குள் மடிந்துவிடும். முந்தானை முழுக்கச் சிவப்பு.