குழுவாக வேலை எடுத்தால் தொழில்கொள்ளுனர் யார்? கொந்தராத்து ஆட்கள் தெரிந்திருக்க வேண்டியவை

திருகோணமலை மாவட்டத்தில் கட்டட வேலையானாலும் வாய்க்கால் திருத்துவதானாலும் ஆட்கள் தனியாகப் போவது குறைவு. குழுவாகத்தான் போவார்கள். ஒரு பாஸ் இருப்பார், அவருக்குப் பழகிய மேசன்மாரும் கையாட்களும் இருப்பார்கள். வேலையைப் பேசுவது பாஸ், காசை வாங்கிப் பிரிப்பதும் பாஸ். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தாலோ, கடைசித் தவணைக் காசு வராமல் போனாலோதான் எல்லோரும் யோசிக்கிறார்கள்: இந்த ஆட்களுக்குத் தொழில்கொள்ளுனர் யார்? பாஸா, கொந்தராத்துக்காரரா, கட்டடத்தின் சொந்தக்காரரா?

இதற்கான பதில் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். சேமலாப நிதி, விபத்து நட்டஈடு, சம்பளப் பாக்கி எல்லாவற்றுக்கும் கதவு அதுதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். "எழுத்தில் ஒன்றும் இல்லை, நாங்கள் நாட்கூலிதானே, சட்டம் எங்களுக்கு வராது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் வாய்ப்பேச்சாக வந்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஒரு வேலையைத் தானே நின்று செய்து கொடுப்பதாகப் பேசிக்கொண்டவரும் அந்தச் சட்டத்தில் தொழிலாளியே. இன்னொருவருக்காக ஆள் பிடித்து வேலைக்கு வைப்பவரும், யாருக்காகப் பிடித்தாரோ அவரும், இரண்டு பேருமே தொழில்கொள்ளுனர் என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். ஆகவே "நான் பாஸிடம்தான் கொடுத்தேன், ஆட்களை எனக்குத் தெரியாது" என்று யாரும் இலேசாகக் கைகழுவ முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். நிலாவெளியில் ஒரு விடுதிக்கு மேல்மாடி எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மூதூரிலிருந்து ஒரு குழு வருகிறது: ஒரு பாஸ், மூன்று மேசன்மார், ஐந்து கையாட்கள். வேலை இரண்டு விதமாக அமையலாம்.

கொந்தராத்துக்காரர் நாட்கூலி பேசி, எத்தனை மணிக்கு வர வேண்டும், இன்றைக்கு எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று அவரே சொல்லி, சாமானும் அவரே இறக்கினால், பாஸ் உட்பட ஒன்பது பேருமே அவருடைய ஊழியர்கள். பாஸின் கையால் காசு வருவதால் மட்டும் இது மாறாது. அதே வேலையைப் பாஸ் சதுர அடிக் கணக்கில் பேசி எடுத்து, தன் ஆயுதங்களைக் கொண்டுவந்து, ஆட்களைத் தன் விருப்பப்படி எடுத்து நிறுத்தி, இலாபமோ நட்டமோ தானே தாங்கினால், மற்ற எட்டுப் பேருக்கும் பாஸ்தான் தொழில்கொள்ளுனர் என்று ஆகிவிடும். பல பாஸ்மாருக்கு இது தெரியாது. தாங்களும் சாந்து குழைக்கும் தொழிலாளிதான் என்றே நினைத்திருப்பார்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு ஒரே ஓர் ஆள் இருந்தாலே போதும். அவர் நாட்கூலியா, அளவு வேலையா, தற்காலிகமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஆள் வைத்து 14 நாட்களுக்குள் தொழில் அலுவலகத்தில் 'டி' படிவம் கொடுத்துத் தொழில்கொள்ளுனராகப் பதிய வேண்டும்.

இது எவ்வளவு காசு என்று பார்த்துவிடுவோம். ஒரு கையாளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபா, மாதத்தில் 20 நாள் வேலை என்றால் உழைப்பு 60,000 ரூபா. அவருடைய 8 வீதம், அதாவது 4,800 ரூபா, சம்பளத்தில் கழியும். தொழில்கொள்ளுனர் தன் பையிலிருந்து 12 வீதமாக 7,200 ரூபா போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 12,000 ரூபா சேமலாப நிதிக்குப் போகும். அப்புறம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 1,800 ரூபா. இதுவும் தொழில்கொள்ளுனர் பணம்தான், ஆளின் சம்பளத்தில் தொடக் கூடாது. 12 வீதத்தையும் 3 வீதத்தையும் கூலியிலேயே கழித்துவிட்டு "கட்டியாச்சு" என்று சொல்வது சட்ட விரோதம். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாதம் முடியும் முன் கட்டப்பட வேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரைக்கும் மேலதிகக் கட்டணம் ஏறும். மூன்று மாத வேலைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: பத்து இடத்தில் மூன்று மூன்று மாதம் என்று இருபது வருடம் உழைத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயது போனபின் அவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது இந்தச் சின்னச் சின்ன மாதங்கள் எங்கேயும் பதியப்படாததால்தான்.

ஆகவே பாஸும் கொந்தராத்துக்காரரும் ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வேலை, என்ன அளவு வீதம், சாமான் யாருடையது, காசு எந்தெந்த நாளில், காப்புறுதி யார் எடுப்பது, சேமலாப நிதி யாருடைய தொழில்கொள்ளுனர் இலக்கத்தில் கட்டப்படும், இவ்வளவும் அதில் வந்தால் போதும். ஆனால் அந்தத் தாளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்னிணைப்பு. குழுவில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதி, அதன் அடியில் கொந்தராத்துக்காரரிடமும் கையொப்பம் வாங்க வேண்டும். ஆள் மாறினால் அன்றைக்கே பெயரைச் சேர்க்க வேண்டும். நாளைக்குப் பிரச்சினை வந்தால் "இந்த ஆள் என் தளத்தில் வேலை செய்யவேயில்லை" என்ற பேச்சுக்கு அந்தப் பட்டியல் இடம் வைக்காது.

வரவுக் கொப்பியும் அப்படித்தான். பாஸ்மார் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, பெயருக்கு நேரே முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு என்று போட்டு வருவார்கள். பக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ் பென்சிலில் இருக்கும். பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவால் எழுதி, கணக்குத் தீர்க்கும் நாளில் ஆளின் கையொப்பத்தையும் வாங்கி, அந்தப் பக்கத்தை ஆளே தன் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், அதைவிட நல்ல சாட்சி ஒரு நாட்கூலி ஆளுக்குக் கிடைக்காது. கட்டடத் தொழிலுக்கு, குறைந்த கூலியைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை இருக்கிறது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி கிழமைக் கூலியானால் கிழமை முடிந்து மூன்று நாளுக்குள்ளும், இரு கிழமைக்கு ஒருமுறை என்றால் ஐந்து நாளுக்குள்ளும், மாதச் சம்பளமானால் பத்து நாளுக்குள்ளும் கொடுத்து முடிக்க வேண்டும்.

விபத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் தன் தொழிலின் ஒரு பகுதியைக் கொந்தராத்துக்குக் கொடுத்து, அவருடைய கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் கொந்தராத்துக்காரரின் ஆள் காயப்பட்டால், நட்டஈட்டை அந்த வேலையைக் கொடுத்தவரிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டு அவர் கொந்தராத்துக்காரரிடம் திருப்பி வாங்கிக்கொள்வது அவர்கள் இருவரின் விடயம். 2022 திருத்தத்தோடு நட்டஈட்டின் உச்சம் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, வேலையிலிருந்து திரும்புகிற வழியில் நேரும் விபத்தும் அதற்குள் வந்தது. மூதூரிலிருந்து நிலாவெளிக்கு மோட்டார் சைக்கிளில் விடியவே கிளம்புகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

சங்கமாக எடுக்கும் வேலை

இன்னொரு வழி, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்றவை நேரடியாக அரச வேலையை எடுப்பது. அரசாங்கப் பெறுகை வழிகாட்டி, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வேலைகளைக் கேள்விப்பத்திரப் போட்டி இல்லாமலே இப்படியான சமூகமட்ட அமைப்புகளுக்குக் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. உள்வீதி, மதகு, அத்தோடு கந்தளாய், தம்பலகாமம், அல்லைப் பக்கத்து வயல் வாய்க்கால்கள் போன்றவை இதற்குப் பொருத்தமானவை. 1980களின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்திலேயே இந்த முறை இலங்கையில் பயன்பட்டது.

சங்கம் பதிவில் இருக்க வேண்டும், பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். வேலையைத் தொழினுட்ப உத்தியோகத்தர் அளந்து உறுதிப்படுத்திய பிறகுதான் பணம் வரும். சங்கம் கூலி கொடுத்து ஆள் வைத்தால், அந்த ஆட்களுக்குத் தொழில்கொள்ளுனர் சங்கமேதான். காப்புறுதி எடுக்கும் செலவைக் கணக்குப் போடும்போதே சேர்த்துவிடுங்கள்.

சில இடங்களில் வெளியூர்க் கொந்தராத்துக்காரர் வந்து, "சங்கத்தின் பெயரைத் தாருங்கள், ஒரு வீதம் தருகிறேன், மற்றதை நான் பார்க்கிறேன்" என்பார். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். காசு ஊருக்குள் நிற்க வேண்டும், ஊராருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் போட்டியே இல்லாமல் இந்த வேலை தரப்படுகிறது. மதகு வெடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் கையொப்பம் வைத்த தலைவரும் செயலாளரும் பொருளாளரும்தான்.

மேன்பவர் ஆட்களும் கூட்டு உடன்படிக்கையும்

சீனக்குடாவின் ஆலைகள், துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், உப்புவெளி விடுதிகள் என்று பெரிய வேலைத்தளங்கள் உள்ள மாவட்டம் இது. இப்படியான பெரிய இடங்களில் நிரந்தர ஊழியரோடு மேன்பவர் நிறுவனம் அனுப்பும் ஆட்களும் வேலை செய்வது நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. நிறுவனத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே கூட்டு உடன்படிக்கை இருந்தால், அது தொழில் ஆணையாளர் ஊடாக வர்த்தமானியில் வெளிவந்ததும் கட்டுப்படுத்தும், ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் அதன் நிபந்தனைகள் சேர்ந்துவிடும். அதே தொழில்கொள்ளுனரிடம் அதே தொழிலில் உள்ள மற்ற ஆட்களுக்கும், உடன்படிக்கை வேறுவிதமாகச் சொல்லாதவரை, குறைந்த நிபந்தனை கொடுக்க முடியாது. ஆனால் மேன்பவர் ஆளின் தொழில்கொள்ளுனர் அந்த மேன்பவர் நிறுவனம் என்றால், ஆலையின் உடன்படிக்கை அவரைத் தானாகத் தொடாது.

அவர்கள் என்ன செய்யலாம்? கூட்டு உடன்படிக்கை செய்யத் தொழிற்சங்கம்தான் வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. தொழிலாளர்களே தங்கள் தொழில்கொள்ளுனரோடு செய்துகொள்ளலாம். ஆனாலும் சங்கம் இருந்தால் பலம் வேறு. தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் போதும். யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளர்களில் 40 வீதத்தினர் சங்கத்தில் இருந்தால், பேச வர மறுப்பது நேர்மையற்ற தொழில் நடத்தை என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தம் சொல்கிறது. துப்புரவு, பொதி தூக்குதல் போன்ற வேலையில் இருப்பவர்கள் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2026 ஜனவரியிலிருந்து நாளுக்கு 1,200 ரூபா, மாதத்துக்கு 30,000 ரூபா. பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையும் உண்டு.

முறைப்பாடு இருந்தால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை. பெயர்ப் பட்டியல், வரவுக் கொப்பிப் படங்கள், வங்கியில் காசு விழுந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுத்து, மூலத்தை வீட்டிலேயே வைத்திருங்கள். வேலையை விட்டு நிறுத்தியதுதான் பிரச்சினை என்றால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதமே அவகாசம். "அடுத்த வேலைக்குக் கூப்பிடுகிறேன்" என்ற வார்த்தையை நம்பி அந்த ஆறு மாதத்தையும் கழித்துவிடாமல், மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.