பெல்ட் ஏன் வீலை விட்டு கழண்டு ஓடல?

வீல்கள் மேல ஓடுற பட்டையால இரும்பைத் தேய்க்கிற பெல்ட் கிரைண்டர் கிட் வாங்கி வீட்லயே மாட்டலாம்னு ஆரம்பிச்சப்போ எனக்கு மோட்டார் வயரிங் பத்திதான் பயம், ஆனா மாட்டி முடிச்சப்புறம் அசந்து நின்னது ஒரு சின்ன வீலைப் பாத்துதான். கத்தி செய்றவங்க யூஸ் பண்ற பெல்ட் 2 இஞ்ச் அகலம், 72 இஞ்ச் நீளம், உப்புத்தாள் மாதிரி பொடி ஒட்டின துணிப்பட்டை. செகண்டுக்கு 15 மீட்டர் வேகத்துல ஓடுது, ஓரத்துல தடுப்புன்னு ஒண்ணுமே கிடையாது. அப்புறம் ஏன் பக்கவாட்டுல நழுவி விழல?

கிட்ல வந்த வீல்களை விரலால தடவிப் பாத்தா புரியும். மத்ததெல்லாம் தட்டை, மேல ஸ்பிரிங் கையில மாட்டுற டிராக்கிங் வீல் மட்டும் நடுவுல லேசா உப்பி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலை குறுக்க வெச்சுப் பாத்தா ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் கசியும்.

உப்பின இடத்துலேருந்து பெல்ட் சரிஞ்சு கீழதானே போகணும்னு தோணும். நடக்குறது நேர் எதிர், பெல்ட் மேட்டைப் பாத்துதான் ஏறும். நம்பலைன்னா வாய் அகலமா அடி குறுகலா இருக்குற சில்வர் டம்ளர் ஒண்ணு எடுத்து, அடிவிளிம்புக்கு இணையா செலோடேப்பை ஆரம்பிச்சு சுருக்கம் விழாம அது போற போக்குல ஒட்டிட்டே சுத்துங்க, ஒரு சுத்து முடியறதுக்குள்ள டேப் வாய்ப்பக்கமா ஏறியிருக்கும். உப்பின வீலுங்கிறது ரெண்டு டம்ளரை வாயோட வாய் ஒட்டி வெச்ச மாதிரி. பெல்ட் இடது பக்கம் ஒதுங்கினா இடது டம்ளர் அதை நடுவுக்கு ஏத்தும், வலது பக்கம் போனா வலது டம்ளர் ஏத்தும். ஆனா பெல்ட் வழுக்காம வீலைக் கவ்வி உருண்டாத்தான் இது நடக்கும், ஸ்பிரிங் அவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய ரைஸ் மில் பட்டை ஓடினதும் இதே வித்தையிலதான்.

ஆனா வீல் உப்பி இருந்தா மட்டும் போதாது. நான் முதல் தடவை சுவிட்ச் போட்டதும் பெல்ட் பறந்து செவுத்துல அடிச்சுது. டிராக்கிங் வீலைச் சாய்க்கிற நாபை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருகி ஒரு சாயங்காலமே போச்சு, கடைசியில பாத்தா கீழ் வீலுக்குப் பின்னாடி ஒரு வாஷர் போடாம விட்டிருக்கேன், வீல் கோட்டை விட்டு உள்ள தள்ளி நின்னுச்சு. நீளமான நேர்க்கட்டை வெச்சு எல்லா வீலும் ஒரே கோட்டுல இருக்கான்னு பாத்துட்டு, கையால நாலு சுத்து சுத்தினப்புறம்தான் கரண்ட் குடுக்கணும்.

வேகத்துக்கு வருவோம். 2880 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 2880 சுத்து) மோட்டார்னா செகண்டுக்கு 48 சுத்து, அதுல மாட்டின 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வீல் ஒரு சுத்துக்கு 31 சென்டிமீட்டர் பெல்ட்டை இழுக்கும், பெருக்கினா அந்த 15 மீட்டர். இதைக் குறைக்கத்தான் விஎஃப்டி, அதாவது கரண்டோட ஹெர்ட்ஸை மாத்தி மோட்டார் வேகத்தை மாத்துற கருவி. வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்டை முதல்ல டிசி ஆக்கி, அதை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி த்ரீ ஃபேஸா மோட்டாருக்கு அனுப்பும், 50 ஹெர்ட்ஸை 25 ஆக்கினா வேகமும் பாதி. டெல்டா, ஸ்டார்ங்கிறது மோட்டாருக்குள்ள இருக்குற சுருள்களை இணைக்குற ரெண்டு விதம்; மோட்டார் பிளேட்ல டெல்டா 230, ஸ்டார் 415 வோல்ட்னு இருந்தா டெல்டாவுல மாத்திக் குடுக்கணும், இதை எலக்ட்ரீஷியனை வெச்சே செய்ங்க. இரும்புத் தூள்ல கரண்ட் பாயும்ங்கிறதால விஎஃப்டி மூடின பெட்டிக்குள்ளதான் இருக்கணும்.

வேகத்தை ஏன் குறைக்கணும்னா, சூடு. பதம் வெச்ச, அதாவது சூடாக்கி கெட்டியாக்கின கத்தியோட ஓரம் காகிதம் மாதிரி மெலிசு, சூடு ஓட இடமில்ல. 200 டிகிரியைத் தாண்டும்போது வைக்கோல் கலர் வரும், 300 கிட்ட போனா நீலம். சாதாரண கார்பன் ஸ்டீல்ல நீலம் வந்துட்டா அந்த இடத்துல பதம் போச்சு, திரும்ப பட்டறைச் சூடுதான். அதனால கடைசி தீட்டலுக்கு நான் கிளவுஸ் போடுறதில்ல, பெல்ட் கையுறையை இழுத்துடுங்கிறது ஒண்ணு, வெறும் விரல்லதான் சூடு உடனே தெரியும்ங்கிறது இன்னொண்ணு. விரல் சுட்டதும் பக்கத்துல இருக்குற வாளியில ஒரு முக்கு, மறுபடி பெல்ட்டு.