ஏ.என்.பி.ஆர். – வண்டி எண்ணைப் படிக்கும் கேமராவுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆட்டோமேட்டிக் நம்பர் பிளேட் ரெக்கக்னிஷன் என்பதன் சுருக்கம் ஏ.என்.பி.ஆர். சாலையோரக் கம்பத்திலோ ரோந்து வண்டியிலோ பொருத்திய கேமரா, கடந்து போகும் வண்டியின் எண் பலகையைப் படமெடுக்கும். கணினி அந்தப் படத்திலிருந்து எழுத்தையும் எண்ணையும் படித்து ஒரு பட்டியலோடு ஒப்பிடும். திருட்டு வண்டி, காப்பீடு இல்லாத வண்டி, போலீஸ் தேடும் ஆளின் வண்டி என்று அந்தப் பட்டியலில் ஏதாவது பொருந்தினால் உடனே எச்சரிக்கை போகும். இதுவரைக்கும் பெரும்பாலானோருக்கு ஆட்சேபம் இருக்காது.

பட்டியலில் இல்லாத வண்டியின் எண்ணை என்ன செய்வது? வழக்குகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. பிரிட்டனில் போலீஸ் அதை ஓராண்டு வரை வைத்திருக்கிறது. ஜெர்மனியில் பொருந்தாத எண்ணை உடனே, தடயமில்லாமல் அழித்தாக வேண்டும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம் 3 நிமிடம் கெடு கொடுக்கிறது. கருவி எங்கும் ஒன்றுதான். படிப்பது ஒரு வேலை, படித்ததைச் சேர்த்து வைப்பது இன்னொரு வேலை. ரெக்கக்னிஷன் என்ற சொல் முதல் வேலையை மட்டும் சொல்கிறது. தமிழில் பெயர் வைக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சொல் வந்த வழி. நம்பர் லத்தீன் மொழியின் நூமெருஸ் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிளேட்டின் வேர் கிரேக்கத்தில் ‘தட்டையான’ என்று பொருள்படும் சொல். ரெக்கக்னிஷன் லத்தீனில் ‘மறுபடி அறிதல்’. முன்பே தெரிந்த ஒன்றைப் பார்த்ததும் இன்னதென்று கண்டுகொள்வது. மனிதருக்கு இது சரியாகப் பொருந்தும். கேமரா யாரையும் முன்பே அறிந்திருக்கவில்லை. அது எழுத்துக்கூட்டிப் படிக்கிறது, அவ்வளவுதான்.

அதனாலோ என்னவோ அமெரிக்கர்கள் ‘ரீடர்’ என்றே சொல்கிறார்கள்: லைசென்ஸ் பிளேட் ரீடர். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ‘லெக்த்யூர்’ என்பதற்கும் வாசிப்பு என்றுதான் பொருள். ஜெர்மன் சட்டங்களில் வழங்கும் சொல் வேறு: ‘கென்சைஷன் எர்ஃபாசுங்’. ‘எர்ஃபாசுங்’ என்றால் பிடித்துப் பதிவு செய்வது. ‘பற்று’ என்ற வினைதான் அதன் அடியில் இருக்கிறது. இந்தச் சொற்களில் ஜெர்மன் சொல்தான் நடப்பதை உள்ளபடி சொல்கிறது.

எண் பலகையே போலீசுக்காகப் பிறந்ததுதான். 1893-இல் பாரிஸ் போலீஸ் தலைமை, மோட்டார் வண்டிகளில் உரிமையாளரின் பெயர், முகவரி, எண் பொறித்த உலோகத் தகடு மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் பதிவெண்ணைக் கட்டாயமாக்கியது. மோதிவிட்டு ஓடும் வண்டியைப் பார்த்தவர் அடையாளம் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். பார்த்தவர் ஒரு மனிதர். தேவையான எண்ணைக் குறித்துக்கொள்வார், மற்றதை மறந்துவிடுவார். அப்படி மறந்துவிடுவது ஒரு பாதுகாப்பு என்று அப்போது யாரும் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இயந்திரத்தைப் படிக்க வைக்கும் முயற்சி 1976-இல் பிரிட்டன் போலீசின் அறிவியல் மேம்பாட்டுப் பிரிவில் தொடங்கியது. 1979-க்குள் மாதிரிக் கருவிகள் தயார். ஏ1 நெடுஞ்சாலையிலும் டார்ட்ஃபர்ட் சுரங்கப் பாதையிலும் சோதித்தார்கள். இந்தக் கருவி காட்டிக்கொடுத்த திருட்டுக் காரை வைத்து முதல் கைது நடந்தது 1981-இல். 1990-களின் தொடக்கத்தில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுத அமைப்பு லண்டனின் நிதி வட்டாரத்தில் பெரிய குண்டுகளை வெடித்த பிறகு, அந்தப் பகுதியைச் சுற்றிப் போட்ட காவல் வளையத்தில் இந்தக் கேமராக்களும் சேர்ந்தன. அப்புறம் 2000-களில் தேசிய அளவில் ஒரு தரவு மையம் வந்தது. அங்கங்கே தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்த கேமராக்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு எழுதத் தொடங்கின. கருவி பிறந்த ஆண்டைவிட இந்த மாற்றம் முக்கியமானது என்பது என் கருத்து.

கருவி எப்படிப் படிக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கேமராவோடு ஓர் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். தகட்டின் மேல்பூச்சு வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வகை. அதனால் இருட்டிலும் வண்டி கருத்து, தகடு மட்டும் பளிச்சென்று தெரியும். கணினி அந்தப் பளிச்சென்ற செவ்வகத்தை வெட்டியெடுத்து, கோணலாக இருந்தால் நிமிர்த்தி, எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படிக்கும். சேறு, வளைந்த தகடு, எழுத்துக்கு நடுவே வந்துவிட்ட ஆணித் தலை, அலங்கார எழுத்துரு எல்லாமே அதைக் குழப்பும். பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும், எட்டும் ‘பி’யும் இடம் மாறிவிடும். ஜெர்மனி ஒவ்வொரு எழுத்தையும் வேறொன்றாகத் திருத்துவது கடினமாகும்படி தனி எழுத்துருவை வைத்திருக்கிறது. அங்கே பூஜ்யத்தின் வலது மேல்பக்கம் சின்ன வெட்டு இருக்கும். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50-ஆவது விதி, எழுத்து ஆங்கிலத்திலும் எண் 1, 2, 3 என்ற வழக்கமான வடிவிலும் இருக்க வேண்டும் என்கிறது.

சரியாகப் படித்தாலும் தவறு நேரலாம். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள அரோரா நகரில் போலீசார் ஒரு காரை மறித்து, உள்ளே இருந்த பெண்ணையும் சிறுமிகளையும் துப்பாக்கியை நீட்டித் தார்ச்சாலையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். சிலருக்குக் கைவிலங்கும் போட்டார்கள். கார் திருடப்பட்டது அல்ல. அதே எண்ணில் மொன்டானா மாநிலத்தில் பதிவான ஒரு மோட்டார் சைக்கிள்தான் திருட்டுப் பட்டியலில் இருந்தது. எண் பொருந்தியது, மாநிலமும் பொருந்தவில்லை, வண்டி வகையும் பொருந்தவில்லை. நின்று ஒருமுறை சரிபார்க்க ஆளில்லாமல் போனது. பின்னால் நகர நிர்வாகம் 19 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்தக் குழந்தைகள் அழுத வீடியோவைப் பார்த்தவர்களால் ‘இயந்திரம் தவறாது’ என்று இனி சொல்ல முடியாது.

இனி தனியுரிமை என்ற சொல்லுக்கு வருவோம். பிரைவசியை நாம் அந்தரங்கம் என்றும் சொல்கிறோம், தனியுரிமை என்றும் சொல்கிறோம். இந்த விஷயத்துக்கு அந்தரங்கம் பொருந்தாது. எண் பலகை எல்லோரும் பார்ப்பதற்காகவே மாட்டியது, அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வண்டி எந்த மருத்துவமனைக்குப் போனது, எந்த வழிபாட்டு இடத்துக்கு வாராவாரம் போகிறது, எந்தக் கூட்டத்துக்குப் போனது, இரவில் யார் வீட்டு வாசலில் நின்றது என்று ஓராண்டுக்குக் கோத்துப் பார்த்தால் அது ஓர் ஆளின் வாழ்க்கை. அதன் மேல் அவருக்கு இருப்பது உரிமை. அதனால் இங்கே தனியுரிமைதான் சரியான சொல்.

மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் இதையே அலசியது. கேப் காட் தீபகற்பத்துக்குப் போகும் இரண்டு பாலங்களின் முனைகளில் வைத்திருந்த நான்கு கேமராக்களின் பதிவு பற்றிய வழக்கு அது. அந்த நான்கு கேமராக்கள் உரிமையை மீறவில்லை என்று தீர்ப்பானது. ஆனால் போதுமான இடங்களில் போதுமான கேமராக்கள் இருந்தால் மீறலாகும் என்றும் நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2008-இல் ஹெஸ்ஸே, ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலங்களின் சட்டங்களைச் செல்லாது என்றது. 2018 டிசம்பரில், பொருந்தாமல் உடனே அழிக்கப்படும் எண்ணைப் படித்துப் பார்ப்பதுகூட அடிப்படை உரிமையில் தலையிடுவதுதான், எனவே அதற்கும் தக்க காரணம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் பாடம் தெருவில் கிடைத்தது. 2010-இல் பர்மிங்ஹாம் நகரின் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்கள் முளைத்தன. முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகள் அவை. பெரும்பாலானவை எண் படிக்கும் கேமராக்கள். 72 கேமராக்கள் மறைவாக வைக்கப்பட இருந்தன. பொதுவான குற்றத் தடுப்புக்கு என்று மக்களுக்குச் சொல்லியிருந்தார்கள். செலவான சுமார் 30 லட்சம் பவுண்டு பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து வந்தது பிறகுதான் தெரிந்தது. உள்ளே வரும் எல்லா வண்டிகளும், வெளியே போகும் எல்லா வண்டிகளும் பதிவாகும்படி திட்டம். மக்கள் கொதித்தார்கள். போலீசே கேமராக்களின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி மூட வேண்டியதாயிற்று. தேம்ஸ் வேலி போலீசின் தலைமைக் கான்ஸ்டபிள் சாரா தார்ன்டன் நடத்திய ஆய்வு, சட்டப்படியான தேவைகளை யோசித்துப் பார்த்ததற்கான சான்று மிகக் குறைவு என்று கண்டது. உள்ளூர் போலீஸ் மன்னிப்புக் கேட்டது. 2011-இல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். எந்த ஊருக்கும் எடுத்துச் சொல்லத் தக்க கதை இது: தப்பு எனத் தெரிந்ததும் கேமராவை இறக்க முடியும்.

ராய்ஸ்டன் இன்னும் சிறிய ஊர். ஹார்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள சந்தை நகரம். பதிவாகாமல் ஊருக்குள் வரவோ வெளியே போகவோ முடியாதபடி கேமராக்களை வைத்திருந்தார்கள். 2013 ஜூலையில், பிரிட்டனில் தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் இது சட்டத்துக்கு மாறானது, தேவைக்கு மிஞ்சியது என்று உத்தரவிட்டது. இதற்கு முந்தைய ஆண்டில்தான் 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. கேமராக்களை மேற்பார்க்க ஓர் ஆணையர் பதவியும், 2013-இல் ஒரு நடத்தை விதித் தொகுப்பும் அதன் வழியே கிடைத்தன. வைத்திருக்கும் காலத்தையும் இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தார்கள். இருந்தும் எண் படிக்கும் கேமராவுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. சேர்த்து வைத்தது கசியவும் செய்யும். 2020 ஏப்ரலில் ஷெஃபீல்டு நகராட்சியின் கேமராப் பதிவுகள் சுமார் 86 லட்சம், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது வெளிப்பட்டது.

இப்போது தமிழ்ச் சொற்கள். நம்பர் பிளேட் பேச்சில் நம்பர் பிளேட்தான், அதை மாற்றத் தேவையில்லை. எழுத்தில் எண் பலகை என்பது பரவலான சொல். பலகை மரத்தை நினைவூட்டுகிறது; பொருள் உலோகம் என்பதால் தகடு இன்னும் பொருத்தம். இலங்கைத் தமிழில் இலக்கத் தகடு என்று ஏற்கனவே சொல்கிறார்கள், நல்ல சொல். ஆனால் அந்தத் தகட்டில் இருப்பது வெறும் எண் இல்லை, பதிவு செய்து பெற்ற எண். எனவே பதிவெண் தகடு. வாகனத்துக்கு ஊர்தி என்ற பழஞ்சொல் உண்டு. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றிலேயே வருகிறது. பதிவெண் என்றாலே வண்டியுடையது என்று புரியும் இடத்தில் அதைச் சேர்க்காமலும் விடலாம்.

ரெக்கக்னிஷனுக்கு அறிதல், இனங்காணல், அடையாளம் காணல் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. அடையாளம் காணல் என்றால் ஓட்டுபவரையே கண்டுபிடித்துவிட்டது போலத் தொனிக்கிறது. கேமரா கண்டது தகட்டை மட்டும். ஓட்டியது யார் என்று அதற்குத் தெரியாது. எனவே நான் வாசிப்பு என்ற சொல்லைத் தேர்வேன்: தானியங்கிப் பதிவெண் வாசிப்பு. செய்தியில் எழுதும்போது ‘பதிவெண் படிக்கும் கேமரா’ போதும். சேர்த்து வைக்கும் வேலைக்குத் தனிப் பெயர் வேண்டும். பதிவெண் சேகரம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு சொல் கையில் இருந்தால், ‘வாசிப்புக்கு அனுமதி இருக்கிறது, சேகரத்துக்கு எந்தச் சட்டம்?’ என்று தமிழிலேயே கேட்க முடியும்.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். மக்களைக் கேமரா பார்ப்பதும் கண்காணிப்பு, கேமரா வைத்தவரை ஆணையர் பார்ப்பதும் கண்காணிப்பு என்று எழுதிவிடுகிறோம். தோட்டத்துக் கங்காணியின் பெயரிலும் இருக்கும் சொல் அது. மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை. அதைக் கேமராவுக்கே விட்டுவிட்டு, அதிகாரத்தைச் சோதிக்கும் வேலையை மேற்பார்வை என்று பிரித்து எழுதினால் படிப்பவருக்குத் தெளிவாக இருக்கும்.

இந்தியச் சட்டத்தில் ஏ.என்.பி.ஆர். என்ற சொல் 2021 ஆகஸ்டில் வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ விதி, ஏ.என்.பி.ஆர். கருவியையும் மின்னணு அமலாக்கக் கருவிகளில் ஒன்றாக எண்ணுகிறது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும், விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அபராதம் முடியும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. நல்ல நிபந்தனைகள்தான். எந்த விதியையும் மீறாமல் கடந்து போன வண்டியின் எண்ணை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பெரிய விலக்குக் கொடுக்கிறது. பதிவெண் சேகரத்துக்கு நாள் கணக்கு எழுத வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் காலியாகவே இருக்கிறது.