"அப்பத்தா வந்துரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்"

"பிள்ளையின் குதிகாலில் ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாமா?" என்று பிரசவ வார்டில் கேட்டால், செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்கள் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. "இவுக அப்பத்தா வந்துரட்டும் டாக்டர், கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார்கள். அப்பத்தா பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் டிஸ்சார்ஜ் நேரம் வந்துவிடும். கேஸ் ஷீட்டில் 'பெற்றோர் மறுத்துவிட்டனர்' என்று ஒரு வரி ஏறிவிடும்.

என்னைக் கேட்டால் அது மறுப்பே இல்லை. விடிய விடிய வலி தாங்கி, தையல் போட்டு, பால் இறங்கவில்லையே என்று கலங்கிக் கிடப்பவளிடம், அதுவரை காதிலேயே விழாத ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறோம். யாராக இருந்தாலும் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள். அஞ்சாம் மாச ஸ்கேன் எப்போது, சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட் எப்போது, இரும்புச்சத்து மாத்திரையை எதோடு சாப்பிடக் கூடாது என்றெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிற பெண்கள் இவர்கள். பிறந்த பிள்ளைக்கான பரிசோதனை மட்டும் தெரியவில்லை என்றால், யாரும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். பார்த்தால் தெரியாத பிறவி நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அந்த ரெண்டு சொட்டு ரத்தம். பிள்ளை பிறந்து 48 மணி நேரம் கழித்து, 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. பிறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும், தைராய்டு சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் அளவு தானாகவே ஏறி இறங்கும். அவசரப்பட்டு எடுத்தால் நல்ல பிள்ளையையும் நோயாளி என்று காட்டிவிடும். காலை வெதுவெதுப்பான துணியால் சுற்றிச் சூடாக்கி, குதிகாலின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குத்து. நடுக் குதிகாலில் குத்த மாட்டோம், அங்கே எலும்பு மேலாக இருக்கும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து வருவதைத் தடித்த வடிதாளில் அச்சடித்திருக்கும் வட்டங்களில் படிய விடுவோம். அந்த நேரத்தில் பிள்ளை தாயின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறைவாகத் தெரியும். நான் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கச் சொல்கிறேன். "அவ்வளவுதானா?" என்று கேட்ட அம்மாச்சிகள் உண்டு.

இதில் முதலில் தேடுவது பிறவித் தைராய்டு குறைபாடு. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைக்கு ஒன்றுக்கு இருக்கிறது. பொல்லாத நோய், ஏனென்றால் பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழாது, படுத்தாது. பால் கொடுக்கும்போதே தூங்கிவிடும். "சாமிப் பிள்ளை, இருக்கிற இடமே தெரியல" என்று வீடே மெச்சிக்கொள்ளும். மலச்சிக்கலும், போகாமல் இழுக்கும் மஞ்சள் காமாலையும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். அதற்கும் காலை வெயிலில் காட்டு என்று ஒரு வைத்தியம் தயாராக இருக்கிறது. இதற்கிடையில் தைராய்டு ஹார்மோன் கிடைக்காமல் மூளை வளர்ச்சி பின்தங்கிக்கொண்டே போகும். பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, ஒழுங்காகக் கொடுத்துவந்தால், அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தால், போன மூளை வளர்ச்சியை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. மருந்தும் ஒன்றும் யானை விலை இல்லை. தினம் ஒரு வேளை தைராக்ஸின் மாத்திரை. பொடித்து, கரண்டியில் நாலு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்ட வேண்டும். பாட்டில் பாலில் கலக்க வேண்டாம். பிள்ளை பாதியில் நிறுத்தினால் மருந்தும் பாதிதான் போகும். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்து இருந்தால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்கும் அப்பத்தாக்களிடம் நான் வாதாடுவதில்லை. உங்கள் ஊரில் வயசுக்கு வந்தும் குழந்தை புத்தியாகவே இருந்த பிள்ளை, பேச்சே வராத பிள்ளை யாருமே இல்லையா என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார்கள். எல்லாருக்கும் ஒரு பெயர் ஞாபகம் இருக்கிறது. அதில் யாருக்கு என்ன காரணம் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் நோய் இருந்தது, டெஸ்ட்தான் இல்லை.

அடித்து வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஊசிக்குப் பயம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். ஒரு பெண், பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லாதபோது சொன்னது வேறு: "ஏதாச்சும் இருக்குன்னு வந்தா என்னயத்தான் சொல்வாக டாக்டர்." கிரகணத்தன்று வெளியே போனாள், மாசமாக இருக்கும்போது அதைத் தின்றாள், இதைத் தின்றாள் என்று கடைசியில் அவள் தலையில்தான் விழும். இதைச் சொல்லும்போது அவள் மாமியார் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அதனால் இதைக் கணவருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்: பிறவித் தைராய்டு குறைபாடு பெரும்பாலும் கருவில் அந்தச் சுரப்பி சரியாக உருவாகாமல் போவதால் வருவது. யாரும் தின்றதாலும் நடந்ததாலும் வந்தது இல்லை. பரம்பரையாக வரும் சில நோய்களிலும், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நம் பக்கம் சொந்தத்தில் கட்டுவது இன்னும் சகஜம், அதனால் இந்த டெஸ்ட் நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த முதல் டெஸ்ட்டில் அளவு கூடுதல் என்று வந்தாலே நோய் என்று முடிவாகிவிடாது. நரம்பில் ரத்தம் எடுத்து மறுபடி பார்ப்போம். பலருக்கு அதில் சரியாக இருக்கும்.

காது டெஸ்ட்டுக்கு ரத்தமே வேண்டாம். பிள்ளை தூங்கும்போது காதில் சின்னதாக ஒரு முனையை வைத்துச் சத்தம் அனுப்புவார்கள், உட்காது பதில் கொடுக்கிறதா என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். ரிசல்ட்டில் 'ரெஃபர்' என்று வந்தால் காது கேட்காது என்று அழ வேண்டாம். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும் அழுக்கும் அடைத்திருந்தாலும் அப்படி வரும். ஆனால் மறு டெஸ்ட்டுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. வீட்டில் தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பது டெஸ்ட் ஆகாது, தரை அதிர்வுக்கே பிள்ளை திடுக்கிடும். "இவுக அப்பாவே நாலு வயசுலதான் பேசுனாரு" என்று காத்திருந்து, பேச்சு படிய வேண்டிய காலத்தைத் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமே கைகொடுக்கிறது.

இதயத்துக்கு, வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும், குத்து இல்லை, வலி இல்லை.

குதிகால் ரத்தத்திலேயே பார்க்கக்கூடிய ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் போடுவோம். டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு மடித்து வைத்திருந்த பருத்திச் சேலையை எடுத்து அப்படியே சுற்றிவிடுவோம். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த நாஃப்தலின் வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, காமாலையைக் கடுமையாக ஏற்றிவிடும். டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்த உருண்டை பட்ட துணி பிள்ளைக்கு ஆகாது. வேறு துணி பாருங்கள்.

சரி, டெஸ்ட் எடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் பெரிய ஓட்டை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பதிவேட்டில் இருப்பது மாமியார் வீட்டு விலாசம். போன் நம்பர், திருப்பூரில் வேலை பார்க்கும் கணவருடையது. லேபிலிருந்து அவசரமாக அழைத்தால் ஷிப்டில் இருப்பவர் எடுக்க மாட்டார், புது நம்பராக இருந்தால் திருப்பியும் கூப்பிட மாட்டார். இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய மாத்திரைக்கு, ஆளைத் தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விடுகிறது.

கிராம சுகாதார செவிலியர்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் போடும்போதோ, ஆறாம் ஏழாம் மாதச் செக்கப்பிலோ இந்தப் பேச்சை எடுத்துவிட்டால், அப்பத்தாவிடம் கேட்க வேண்டியதை வளைகாப்புக்கு முன்பே கேட்டு முடித்துவிடலாம். பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் எந்தெந்த டெஸ்ட் உண்டு, இலவசமா, காசா என்றும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறும். பிறந்த பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. பெரியாஸ்பத்திரி ஆனாலும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வடிதாளோடு போகும் படிவத்தில் உங்கள் அம்மாவின் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், பிள்ளை பக்கத்தில் இருக்கப்போகிறவர் அவர்தான். பத்து நாளாகியும் ரிசல்ட் வரவில்லை என்றால் 'நல்லாத்தான் இருக்கும், அதான் கூப்பிடல' என்று நினைத்துக்கொள்ளாமல் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.